குட்டி ஈனும் காலமும் குடும்பப் பொருளாதாரமும்

2019ஆம் ஆண்டில் நடைபெற்ற இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14 கோடியே 89 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. அவற்றுள் 1 கோடியே 63 லட்சம் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவை. பரப்பளவில் இம்மாநிலத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கான இராஜஸ்தான் ஒன்றே ஆட்டு எண்ணிக்கையில் இதனை விஞ்சியது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புடன் ஒப்பிடும்போது மேற்கு வங்கத்தின் ஆட்டுச் செல்வம் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் பெருகியிருந்தது. வேறெந்தக் கிராமப்புறச் சொத்தும் ஏழாண்டுகளில் இவ்வளவு விரைவாக வளர்வது அரிது.

இந்த 1 கோடியே 63 லட்சம் ஆடுகளும் பெரும் பண்ணைகளில் இல்லை. வீட்டுக்கு இரண்டு, மூன்று, மிஞ்சினால் ஐந்து என்னும் அளவில், நிலமற்றோர், குறுநில உழவர் ஆகியோரின் வீட்டுத் தாழ்வாரங்களில் அவை கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பேணுவோர் பெரும்பாலும் பெண்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கூரை மாற்றும் செலவு என்று வரும்போது விற்கப்படுவது ஆடேயாகும். வங்கியில் கணக்கு இருக்கும் குடும்பத்திலும் அவசரத்துக்கு உதவும் சேமிப்பு கொட்டிலில்தான் நிற்கிறது.

கொல்கத்தா நகரவாசிகள் இந்தச் செல்வத்தின் கடைசிக் கட்டத்தையே காண்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இறைச்சிக் கடைகளின் முன் நீளும் வரிசை, துர்க்கா பூசையின் நவமியன்று வீடுகளில் எழும் குழம்பு மணம், பக்ரீத் பண்டிகைக்கு முன் நகரில் கூடும் கிடாச் சந்தைகள் ஆகியவை அவையோர் அனைவரும் அறிந்தவை. தாங்ராவிலும், பின்னர் பான்தலா தோல் வளாகத்திலும் பதனிடப்பட்டு வெளிநாடு சென்ற மெல்லிய ஆட்டுத்தோல்களைப் பற்றியும் சிலர் அறிவர். ஆனால் ஓர் ஆட்டுக்குட்டி சந்தைக்கு வருமா வராதா என்பது, அது பிறந்த முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களுக்கான ஆயத்தமோ பிறப்புக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியது. திட்ட ஆவணங்களில் மிகக் குறைவாக இடம்பெறும் இந்த ஐந்து மாதங்களே இவ்வுரையின் பொருள்.

ஈனும் திறனும் பாலின் அளவும்

வங்காளக் கிராமங்களில் காணப்படும் ஆடு 'கறுப்பு வங்காளம்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. பெயர் கறுப்பாயினும் பழுப்பு, வெள்ளை நிற ஆடுகளும் இவ்வினத்தில் உண்டு. எல்லைக்கு அப்பால் பங்களாதேசத்திலும் இதுவே முதன்மையான இனம். உருவம் சிறிது. வளர்ந்த பெட்டை பதினைந்து முதல் இருபது கிலோ எடையே இருக்கும். இறைச்சியின் சுவைக்கும் தோலின் மென்மைக்கும் இதற்குப் பெயருண்டு. எல்லாவற்றிலும் மேலாக இதன் ஈனும் திறன் வியப்பூட்டுவது. இரட்டைக் குட்டிகள் இயல்பு. மூன்று குட்டிகளும் அடிக்கடி பிறக்கின்றன. எப்போதாவது நான்கும் உண்டு. நன்கு பேணப்பட்டால் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ஈனும்.

வங்கத்தின் சிறு கால்நடைகளுக்கே இப்பண்பு பொதுவோ என்று எண்ணத் தோன்றும். சுந்தரவனப் பகுதியின் சதுப்பு நிலங்களில் மேயும் 'காரோல்' என்னும் சிறிய செம்மறியும் பல குட்டிகளை ஈனுவது. 1792, 1793ஆம் ஆண்டுகளில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய வங்காளச் செம்மறிகளின் மரபணுவே பிற்காலத்தில் 'பூரூலா மெரினோ' என்னும் புகழ்பெற்ற ஆட்டு வகையின் பன்மகப்பேற்றுக்குக் காரணம் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஏற்றுமதிப் பட்டியலில் அவை சாதாரணச் செம்மறிகளாகவே பதிவாகியிருக்கும். இந்த மண்ணின் மரபுச் செல்வம் விலை குறிக்கப்படாமலேயே கடல் கடந்தது.

ஆயினும் ஈனும் திறனுக்கு ஈடாகப் பால் சுரக்கும் திறன் கறுப்பு வங்காள ஆட்டுக்கு இல்லை. சுவிட்சர்லாந்தின் சானன் பள்ளத்தாக்கில் தோன்றிய சானன் ஆடு நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்கு மேலும் கறக்கும். நம் நாட்டில் யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட ஏட்டாவா வட்டாரத்து ஜமுனாபாரியும், பஞ்சாபின் பீட்டலும் ஒரு லிட்டருக்கு மேல் தரக்கூடியவை. கறுப்பு வங்காளமோ கால் லிட்டரிலிருந்து அரை லிட்டருக்குள் நின்றுவிடும். அதுவும் மூன்று, நான்கு மாதங்களுக்கே. ஐரோப்பியப் பால் பண்ணைகளில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பாலை விற்பனைக்கு எடுப்பர். வங்காளக் குடும்பத்திலோ அந்தப் பாலை வாங்கும் முதல் வாடிக்கைக்காரர் குட்டியே. எஞ்சினால் வீட்டுக் குழந்தைக்கோ நோயுற்ற முதியவருக்கோ ஒரு குவளை கிடைக்கும். 1919 முதல் ஆட்டுப்பாலையே அருந்திவந்த காந்தியடிகள் 1947 ஆகஸ்டில் பேலியாகாட்டாவில் தங்கியிருந்த காலத்திலும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை என்பதை இந்நகரத்தார் நினைவுகூரலாம். ஆனால் கறுப்பு வங்காள ஆட்டைப் பால் விற்பனைக்கென்று வளர்க்கத் திட்டமிடுவது கணக்குக்கு ஒத்துவராது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பிறக்கும் குட்டி ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். உயிர் தரிக்கவும் வளரவும் நாளொன்றுக்கு அதற்கு நூற்றைம்பது முதல் இருநூறு மில்லி லிட்டர் வரை பால் தேவை. இரட்டையாயின் முந்நூறு, நானூறு. மூன்றாயின் அறுநூறு வரை போகும். தாயின் மடியில் இருப்பதோ முந்நூறு, நானூறு. மூன்றாவது குட்டி பிறந்த நாளிலேயே பற்றாக்குறை வரவுசெலவு தொடங்கிவிடுகிறது. வலிய குட்டிகள் இரண்டும் காம்புகளைப் பற்றிக்கொள்ள, நலிந்தது ஒதுங்கி நிற்கும். மூன்றாம் நாள் அது எழுவதில்லை. 'ஆட்டுக்கு மூன்று குட்டி' என்று மகிழ்ந்த வீட்டில், கடைசியில் நிற்பது இரண்டு; சில வேளை ஒன்று.

நாட்காட்டியில் தொடங்கும் ஆயத்தம்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். கறுப்பு வங்காள இனத்தில் இரண்டு, மூன்று நாட்கள் முன்பின்னாக இருக்கும். எனவே கிடாவுடன் சேர்ந்த நாளைக் குறித்து வைத்தால் ஈனும் நாளை ஒரு வார வரம்புக்குள் சொல்லிவிடலாம். உழவர் வேறெந்த உற்பத்தியிலும் இவ்வளவு துல்லியமான முன்னறிவிப்பைப் பெறுவதில்லை. மழை சொன்ன நாளில் வருவதில்லை, சந்தை விலையும் அப்படியே. இருந்தும் அந்த நாள் குறிக்கப்படுவதில்லை. ஆடுகள் மேய்ச்சலில் தாமாகவே இணைகின்றன. மடி பருத்த பின்னரே வீட்டார் அறிகின்றனர்.

தமிழ் மாதங்களும் வங்க மாதங்களும் சூரியனை ஒட்டிச் செல்வன. சித்திரைப் பிறப்பும் வங்கப் புத்தாண்டும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வருவதால் தமிழ் மாதப் பெயர்களிலேயே இக்கணக்கைச் சொல்லலாம். தென்மேற்குப் பருவமழை வங்கச் சமவெளியில் ஆனியில் தொடங்கி ஆடி, ஆவணியில் உச்சம் அடைகிறது. வயலெல்லாம் நெல் நடவு. மேய்ச்சலுக்கு இடமில்லை. ஆட்டை வரப்பில் கட்டினால் பயிரை மேய்ந்துவிட்டது என்று சண்டை. கொட்டிலில் ஈரம், புழு, குளம்பழுகல். அந்த நாட்களில் பிறக்கும் குட்டிக்கு நுரையீரல் அழற்சியும் கழிச்சலும் எளிதில் வருகின்றன. அதுபோன்றே மார்கழி, தை மாதங்களின் இரவுக்குளிர் ஒரு கிலோ எடையுள்ள உடம்புக்குத் தாங்காது. ஆடியில் ஈனும் ஆடு மாசியில் கிடாவைச் சேர்ந்தது. மார்கழியில் ஈனுவது ஆடியில் சேர்ந்தது. வைகாசியில் சேர்ந்தால் ஐப்பசியில் ஈனும். மழை ஓய்ந்து, குளிர் தொடங்கும் முன் குட்டி ஒரு மாதம் வளர்ந்திருக்கும். புரட்டாசியில் சேர்ந்தால் மாசியில் ஈனும். அக்குட்டி ஏழெட்டு மாதம் வளர்ந்து பூசைக்காலச் சந்தைக்குத் தயாராகிவிடும்.

இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று என்னும் சுழற்சியில் எல்லாப் பிறப்புகளையும் நல்ல மாதங்களில் அடக்கிவிட இயலாது என்பது உண்மையே. ஆனால் மிகக் கொடிய இரு காலங்களையேனும் தவிர்க்க முயலலாம். அதற்குக் கிடா கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இங்கேதான் கிராமத்தின் பொதுக்குறை ஒன்று வெளிப்படுகிறது. விதை நீக்கிய ஆட்டுக்கு, அதாவது வங்க மொழியில் 'காசி' எனப்படுவதற்கு, இறைச்சிச் சந்தையில் மதிப்பு அதிகம். ஆகவே ஆண் குட்டிகள் சிறு வயதிலேயே விதை நீக்கப்படுகின்றன. எஞ்சும் ஓரிரு கிடாக்களே பல வீட்டுப் பெட்டைகளுக்கும் உரியவை. தன் மகளையும் பேத்தியையும் அவை சேர்வதைத் தடுப்பார் இல்லை. நெருங்கிய உறவில் பிறக்கும் குட்டிகள் நலிந்தே பிறக்கின்றன. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த ஊருடன் கிடாவை மாற்றிக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆனால் அதைச் செய்ய ஒரு மகளிர் குழுவோ ஊராட்சியோ பொறுப்பேற்க வேண்டும்.

பாலை உயர்த்தும் ஆசையில் ஜமுனாபாரிக் கிடாவைத் தேடிச் செல்வோரும் உண்டு. கலப்பில் பிறக்கும் பெட்டை தாயைவிட அதிகம் கறக்கும் என்பது சரியே. ஆனால் பதினைந்து கிலோப் பெட்டையின் வயிற்றில் பேருருவத் தந்தையின் குட்டி வளரும்போது, ஈனும் வேளையில் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரலாம். பால் பெருக்கத்தின் ஆதாயத்தை எடுத்துரைப்போர் இந்தச் செலவைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

கடைசி ஆறு வாரங்கள்

கருவின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சினையின் கடைசி ஐம்பது நாட்களில் நிகழ்கிறது. இரண்டு மூன்று குட்டிகளைச் சுமக்கும் தாயின் வயிற்றில் அப்போது தீனிக்கு இடம் குறைவு, தேவையோ அதிகம். மேய்ச்சல் மட்டும் போதாது. தேவை நிறைவேறாவிட்டால் தாய் தன் உடற்கொழுப்பைக் கரைத்துக்கொள்கிறது. அது அளவு மீறும்போது தீனியை மறுத்து, சோர்ந்து படுத்து, குட்டிகளுடன் மாண்டுபோவதும் உண்டு. பன்மகப்பேறு என்னும் வரமே இந்நோயின் காரணம். ஒற்றைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு இது அரிது.

இதற்கு மாற்று மிக எளிது. தவிடு, உடைத்த மக்காச்சோளம், பிண்ணாக்கு, சிறிது தாது உப்பு கலந்த அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்கு இருநூறு கிராம் வரை தர வேண்டும். நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒன்பது கிலோ. கிலோ முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 270 ரூபாய். தழைக்கு வங்காளத்தில் பஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு நிற்கும் பலாமரத்தின் இலை இங்கு ஆட்டின் விருப்ப உணவு. மழை நாட்களில் பெண்கள் பலாக்கிளைகளை ஒடித்துக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தைக் கால்நடை அறிவியல் குறைகூறவில்லை. தரையில் கிடக்கும் தழையைவிடத் தொங்கும் தழையில் புழு முட்டைகள் சேர்வது குறைவு.

குடற்புழு நீக்கமும் இந்த ஆயத்தத்தில் அடங்கும். மருந்தைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படியே தேர வேண்டும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுப்பது கருவுக்குக் கேடு. ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் தாய்க்குப் போடப்படும் துள்ளுமாரித் தடுப்பூசியும் வில்வாத நோய்த் தடுப்பூசியும் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பாகின்றன.

கொட்டிலைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் மூங்கில் பரண். வங்கத்தில் இதனை 'மாச்சா' என்பர். சாணமும் சிறுநீரும் கீழே விழ, மேலே உலர்ந்திருக்கும். ஆனால் பெரிய ஆட்டுக்குப் பொருந்தும் மூங்கில் இடைவெளியில் பிறந்த குட்டியின் கால் சிக்கும். ஆகவே ஈனும் மூலையில் மட்டும் சாக்கு விரித்து, அதன்மேல் உலர்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். வாடைக்காற்று வரும் பக்கம் பழைய சணல் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டால் போதும். ஹூக்ளிக் கரையின் ஆலைகள் உலகுக்கே சாக்கு நெய்த மாநிலம் இது.

ஈனும் வேளை

நாள் நெருங்கும்போது மடி நிறைந்து காம்புகள் பளபளக்கும். வாலின் இருபுறமும் சதை தளர்ந்து குழிவிழும். ஆடு கூட்டத்திலிருந்து ஒதுங்கி, காலால் தரையைப் பறிக்கும். நகம் வெட்டிய சுத்தமான கை, புதிய பிளேடு, கொதிநீரில் இட்ட நூல், டிங்க்சர் அயோடின் புட்டி, பழைய பருத்தித் துணி, ஒரு விளக்கு ஆகியவையே தேவையான தளவாடங்கள். இவற்றை இரவில் தேட நேர்ந்தால் ஆயத்தம் இல்லை என்றே பொருள்.

முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் தென்பட்டால் பிறப்பு இயல்பானது; அப்போது மனிதர் தலையிட வேண்டியதில்லை. அரைமணி, முக்கால் மணி நேரம் கடுமையாக முக்கியும் ஒன்றும் வெளிப்படாவிட்டால் காத்திருத்தல் ஆபத்து. மாநிலத்தின் பல இடங்களில் பயிற்சி பெற்ற பிராணிபந்து, பிராணிமித்ரா பணியாளர்கள் இருக்கின்றனர். அவர்களுடைய தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதிதான்.

பிறந்த குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்துத் தாயின் முன் வைத்தால் மீதியைத் தாய் நக்கியே முடிக்கும். தொப்புள்கொடியின் நுனியை அயோடினில் தோய்க்க வேண்டும். அடுத்து வருவது சீம்பால். இது குறித்துச் சற்று விரிவாகவே பேசலாம்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் கருப்பையிலேயே ஓரளவு நோயெதிர்ப்பு கிடைத்துவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அவ்வழி அடைபட்டது. பிறக்கும்போது அதனிடம் எதிர்ப்பு ஏதுமில்லை. சீம்பாலில் உள்ள காப்புப் பொருள்கள் குட்டியின் குடல் வழியே குருதியில் கலப்பதற்கு இயற்கை தந்திருக்கும் அவகாசம் ஒரு நாள். அதிலும் முதல் சில மணி நேரமே முழுப்பயன் தருவது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் காம்பைப் பற்ற வேண்டும். முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே செல்ல வேண்டும். ஆனால் நாட்டின் பல பகுதிகளில், நஞ்சுக்கொடி விழும்வரை குட்டியைப் பால் குடிக்க விடாத வழக்கம் இருந்துவருகிறது. நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். குட்டி காம்பைச் சப்பும்போதுதான் தாயின் கருப்பை சுருங்கி நஞ்சுக்கொடியும் விரைவில் வெளியேறுகிறது என்பதை நோக்க, இவ்வழக்கம் இரண்டு வகையிலும் தலைகீழானது. இதை ஒழிக்க மானியம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஊரில் மதிப்புள்ள ஒரு முதியவள் சொன்னால் போதும். தமிழ்நாட்டில் பசுவின் சீம்பாலைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து உண்பதை விருந்தாகக் கருதும் குடும்பங்கள் பல. ஆட்டின் சீம்பாலிலாவது யாரும் பங்கு கேட்காமல் இருப்பது குட்டிக்கு நல்லது.

மூன்றாவது குட்டியை என்ன செய்வது? அதே நாளில் ஒற்றைக் குட்டி ஈன்ற வேறொரு தாய் அண்டை வீட்டில் இருந்தால், அதன் பிறப்பு நீரை இக்குட்டியின் மேல் தடவிச் சேர்க்கலாம், தாய் ஏற்றுக்கொள்வதுண்டு. இல்லையேல் புட்டிப்பால். நாளொன்றுக்கு இருநூறு மில்லி லிட்டர் பசும்பால், ஒரு மாதத்துக்கு ஆறு லிட்டர். இன்றைய விலையில் முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் அடங்கும். வளர்ந்த குட்டியின் விலை இதைப்போல் பல மடங்கு. எனினும் அந்த மாதத்தில் அந்த முந்நூறு ரூபாய் கையில் இல்லாததால்தான் குட்டி இறக்கிறது. இலாபமான முதலீடு எது என்று ஏழை அறியாதவரல்லர். முதலீட்டின் நாளில் பணம் இல்லாதவர்.

மார்ச்சு மாத ஆடு

இந்த இடத்தில் திட்டங்களின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. 1978-79இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், மானியமும் வங்கிக் கடனும் இணைத்து வறியோருக்குச் சொத்து வழங்கியது. கறவை மாட்டுக்கு அடுத்தபடியாக ஆடு அதில் விரும்பப்பட்ட சொத்தாயிருந்தது. 1999 ஏப்ரலில் அது சுவர்ணஜெயந்தி கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டமாக உருமாறியது. 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. வடிவம் மாறினும் கணக்கெழுதும் முறை அதிகம் மாறவில்லை. எத்தனை பயனாளிகள், எத்தனை ஆடுகள், எவ்வளவு ரூபாய் என்பவை பதிவாகின்றன. மூன்று மாதம் கழித்து எத்தனை குட்டிகள் உயிருடன் உள்ளன என்னும் பத்தி படிவத்தில் காணப்படுவது அரிது.

நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஒதுக்கிய தொகையைச் செலவிடும் அவசரம் எல்லா அலுவலகங்களிலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் எழுவது வழக்கம். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆட்டின் நாட்காட்டியில் அதன் விளைவைப் பார்க்கலாம். மார்ச்சு நடுவில் வழங்கப்பட்ட பெட்டை புதிய வீட்டில் உடனே பருவத்துக்கு வந்து சேர்ந்தால், ஈனுவது ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில். கொட்டும் மழையில், மேய்ச்சல் அற்ற நாட்களில், குட்டி பிழைக்க மிகக் கடினமான வேளையில். ஆடு வளர்த்துப் பழக்கமில்லாத குடும்பத்தின் முதல் ஈற்று அப்படி அமைகிறது. சினையாடாகவே வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பினால் கருச்சிதைவு நேரலாம். தவறு யாருடையதும் அன்று. கருவூலத்தின் ஆண்டும் ஆட்டின் ஆண்டும் வேறுவேறாக இருப்பதே காரணம். அதே தொகையை வைகாசி தொடங்கும் முன் விடுவித்து, அதில் ஒரு சிறு பங்கைத் தீவனத்துக்கென்று ஐப்பசி வரை நிறுத்தி வைத்தால், வாங்கும் ஆடுகளின் எண்ணிக்கை சற்றுக் குறையும். வளரும் குட்டிகளின் எண்ணிக்கை கூடும்.

தீவனச் செலவு நடைமுறைச் செலவு என்பதால் மூலதன மானியத்தில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. 2018-19இல் உழவர் கடன் அட்டை கால்நடை வளர்ப்புக்கும் விரிவாக்கப்பட்டது இந்தக் குறையை ஓரளவு நீக்கக்கூடியது. ஆனால் மூன்று ஆடுகள் வைத்திருக்கும் பெண் தன் பெயரில் அந்த அட்டையைப் பெறுவது எளிதன்று. 2021-22இல் மாற்றியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கம் 500 பெட்டைகளும் 25 கிடாக்களும் கொண்ட பண்ணைக்கு, உச்சவரம்பாக ஐம்பது லட்சம் ரூபாய் வரை, மூலதனத்தில் பாதியை மானியமாக அளிக்க வகைசெய்தது. நல்ல கிடாக்களைப் பெருக்க அத்தகைய பண்ணைகள் உதவலாம். எனினும் வங்கத்தின் 1 கோடியே 63 லட்சம் ஆடுகள் அங்கே இல்லை. அவற்றின் உரிமையாளருக்குத் தேவைப்படுவது ஒன்பது கிலோத் தீவனமும் ஆறு லிட்டர்ப் பாலும்.

வங்கத்தில் ஒருவரது ஆட்டை மற்றொருவர் வளர்த்து, பிறக்கும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டில் வாரத்துக்கு விடுவது என்பார்களே, அதுபோல. சொத்தற்ற பெண் தன் முதல் ஆட்டைப் பெறுவது பெரும்பாலும் இவ்வழியில்தான். இந்த ஏற்பாட்டில் இறந்த குட்டிக்குப் பங்கில்லை என்பதால், ஈனும் காலத்து இழப்பின் சுமை வளர்ப்பவளின் ஐந்து மாத உழைப்பின் மேலேயே விழுகிறது.

பிழைத்த குட்டிக்கு

அறிவுக்குப் பஞ்சமில்லை. பேல்காச்சியாவில் 1893இல் நிறுவப்பட்ட வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1995இல் மேற்கு வங்கக் கால்நடை மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. மதுராவுக்கு அருகில் மக்தூமில் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் 1979 முதல் இயங்கிவருகிறது. இவற்றின் பரிந்துரைகள் வீட்டுத் தாழ்வாரத்தை எட்டும் வேகமே குறைவு.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் எனப்படும் பி.பி.ஆர். இந்தியாவில் முதன்முதலாக 1987இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் கண்டறியப்பட்டது. இந்திய நச்சுயிரி வகைகளைக் கொண்டே பின்னர் தடுப்பூசிகள் உருவாயின. அவற்றுள் ஒன்று அவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகளாவது காப்பளிக்கும் இத்தடுப்பூசியின் துணையால், 2030க்குள் இந்நோயை உலகிலிருந்தே ஒழிப்பதென்று 2015இல் உலக நாடுகள் இலக்கு வகுத்தன. தாயின் சீம்பால் தந்த காப்பு மூன்று, நான்கு மாதங்களில் தேய்கிறது. அப்போது குட்டிக்கு ஊசி போட வேண்டும். பிறந்த நாள் குறிக்கப்படாத குட்டிக்கு அந்த நாளும் தெரியாது.

கருச்சிதைந்த ஆட்டைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் தேவை. அது புரூசெல்லா நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றி விடாக்காய்ச்சல் தருவது. சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், நாய்கள் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் அருகில் செல்லலாகாது. ஆட்டைப் பேணுவோர் பெண்களே என்னும்போது, இதை அவர்களிடம் யாராவது முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஓர் அட்டை போதும். கிடா சேர்ந்த நாள், எந்தக் கிடா, ஈன்ற நாள், பிறந்தவை எத்தனை, மூன்றாம் மாதம் எஞ்சியவை எத்தனை, ஊசி போட்ட நாள் என ஆறு பத்திகள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் பள்ளி செல்லும் சிறுமி எழுதுவாள். குட்டிகள் பால் மறக்கும் வேளையில் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். அப்போது அட்டையில் அடுத்த வரி தொடங்கும். மாசி, பங்குனியாக இருந்தால் கிடாவை மூன்று வாரம், ஆறு வாரம் தள்ளிக் கட்டி வைக்கலாமா என்று அந்த வீட்டார் ஒரு முறை யோசிப்பர்.